மேடையில் பேசியதும் மறுநாள் வந்து சேர்வதும்: கலைஞர்களின் அரசியல் கருத்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடிகர்கள், பாடகர்கள், நகைச்சுவை மேடைக் கலைஞர்கள், தொகுப்பாளர்கள், அவர்களுடைய கால்ஷீட்டையும் ஒப்பந்தத்தையும் பார்த்துக்கொள்ளும் மேலாளர்கள் ஆகியோருக்கான பக்கம் இது. பேசுவது இந்தியச் சட்டத்தைப் பற்றி. குற்றவியல் பிரிவு எண்கள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ். (குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதா), பி.என்.எஸ்.எஸ். (வழக்கு நடைமுறையைச் சொல்லும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டங்களின் எண்கள்.

அரசியலமைப்பே பேச்சுரிமை கொடுத்திருக்கிறது. பிறகு ஒரு கருத்துக்காக என்னைப் படத்திலிருந்து எப்படித் தூக்க முடியும்?

தூக்க முடியும். பேச்சுரிமை தரும் அரசியலமைப்புப் பிரிவு 19(1)(அ) கட்டுப்படுத்துவது அரசை. தயாரிப்பாளரையோ விளம்பர நிறுவனத்தையோ அல்ல. 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, 19, 21 ஆகிய பிரிவுகளின் உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் கோரலாம் என்று பெரும்பான்மையாகச் சொன்னது உண்மைதான். ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு, போன பட வாய்ப்பைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று எந்த வழக்கறிஞராவது சொன்னால், இன்னொரு வழக்கறிஞரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பேச்சுக்கு மூன்று பக்கத்திலிருந்து விளைவு வரும். போலீஸ், ஒப்பந்தம், சந்தை. முதலாவதற்கு அரசியலமைப்பு துணை நிற்கும். இரண்டாவதற்கு நீங்கள் கையெழுத்திட்ட தாள்தான் துணை. மூன்றாவதற்குப் பெரும்பாலும் எதுவுமே இல்லை. பணம் அதிகம் போவது அங்கேதான்.

அரசு எந்தெந்தக் காரணங்களுக்காகப் பேச்சைத் தடுக்கலாம்?

19(2)-இல் உள்ள எட்டுக்காக மட்டும்: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். ஒன்பதாவது கிடையாது, இதையும் கௌஷல் கிஷோர் தீர்ப்பே உறுதிசெய்தது. ‘பலர் மனம் புண்பட்டது’ என்பது இந்தப் பட்டியலில் தனியாக இல்லை என்பதைக் கவனியுங்கள்.

வழக்கு என்றால் எந்தப் பிரிவுகளில் வரும்?

அரசியல் பேச்சுக்கு வழக்கமாக வருபவை பி.என்.எஸ்.-இன் நான்கைந்து பிரிவுகள்தான். பிரிவு 196: மதம், இனம், மொழி, பிறப்பிடம் போன்றவற்றின் பேரில் பிரிவினருக்கிடையே பகை வளர்த்தல், 3 ஆண்டு வரை. பிரிவு 299: மத உணர்வை வேண்டுமென்றே கெட்ட நோக்கத்துடன் புண்படுத்துதல், 3 ஆண்டு வரை. பிரிவு 353: பொதுக் கலவரத்துக்கு வழிவகுக்கும் பேச்சு, 3 ஆண்டு வரை. பிரிவு 352: அமைதி குலையும்படி வேண்டுமென்றே அவமதித்தல், 2 ஆண்டு வரை. எல்லாவற்றையும்விடக் கனமானது 152. நாட்டின் ஒருமைப்பாட்டுக்கு எதிரானது என்று போடுவார்கள், ஆயுள் தண்டனைவரை போகும்.

அவதூறு வேறு சங்கதி. பிரிவு 356-இல் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது. பாதிக்கப்பட்டவர்தான் மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும். புகாரை விசாரணைக்கு ஏற்குமுன் உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 223. ‘எங்கள் தலைவரைப் பேசிவிட்டார், எங்களுக்கு மானம் போய்விட்டது’ என்று தொண்டர் ஒருவர் தொடுக்கும் வழக்கு இந்த இடத்திலேயே தடுமாறும். குஷ்பு வழக்கில் நடந்தது அதுதான். 2005-இல் பத்திரிகையொன்றுக்கு அவர் சொன்ன கருத்துக்காக 23 புகார்கள், பெரும்பாலும் தமிழ்நாட்டு ஊர்களில். 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. புகார் கொடுத்தவர்கள் ‘பாதிக்கப்பட்டவர்கள்’ என்ற வரையறைக்குள்ளேயே வரவில்லை என்பது காரணங்களில் ஒன்று.

ஜெயித்தார்தான். ஆனால் நாலரை ஆண்டு ஆயிற்று. பேச்சு வழக்குகளில் தண்டனை அபூர்வம்; வழக்கு நடத்தி முடிப்பதே தண்டனை.

எஃப்.ஐ.ஆர். போட்டதாகச் செய்தி வருகிறது. முதல் இரண்டு நாளில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் முழுப் பேச்சின் வெட்டப்படாத பதிவைக் கைப்பற்றுங்கள். பரவிக்கொண்டிருப்பது 40 நொடித் துண்டாக இருக்கும். உங்களைக் காப்பாற்றக்கூடிய வாக்கியம் அதற்கு முன்போ பின்போ இருக்கும். விழா ஏற்பாட்டாளரின் ஒளிப்பதிவாளரிடமிருந்து மூலக்கோப்பையே வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பிரதி போதாது. அது சுருங்கி, கோப்பின் விவரங்கள் அழிந்து வரும். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்டப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். கருவிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியும் நிபுணர் ஒரு பகுதியும் நிரப்ப வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் அதில் வரும். ஒளிப்பதிவாளர் அடுத்த வேலைக்குப் போய் மெமரி கார்டை அழிக்கும் முன் இதைச் செய்துவிட வேண்டும்.

பதிவை நீக்குவதா? நீக்கலாம், ஆனால் தேதி, நேரம், இணைப்பு முகவரி தெரியும்படி சேமித்த பிறகு. அவசரத்தில் கணக்கையே மூடுபவர்கள், பிறகு தாங்கள் என்ன எழுதினோம் என்று நிரூபிக்க எதிராளியின் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டியிருக்கும்.

அடுத்து எஃப்.ஐ.ஆர். நகல். பிரிவுகளைப் பாருங்கள். 3 ஆண்டுக்குக் குறையாத, 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரியவை என்றால், வழக்குப் பதிவதற்கு முன் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளில் முதற்கட்ட விசாரணை நடத்த பி.என்.எஸ்.எஸ். 173(3) வழிவகுக்கிறது. இம்ரான் பிரதாப்கரி வழக்கில் (2025 மார்ச் 28) உச்ச நீதிமன்றம், பேச்சு, எழுத்து சம்பந்தப்பட்ட இப்படிப்பட்ட புகார்களில் அந்த விசாரணையை நடத்துவதே எப்போதும் பொருத்தம் என்றது. வார்த்தைகளை எடைபோட வேண்டியது துணிவும் நிதானமும் உள்ள மனிதரின் தராசில், எதற்கெடுத்தாலும் பதறுகிறவரின் தராசில் அல்ல என்றும் சொன்னது. உங்கள் வழக்கில் அந்தப் படி தாண்டப்பட்டிருந்தால், பி.என்.எஸ்.எஸ். 528-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரத்து கோரும் மனுவில் அதை முன்னிறுத்துங்கள்.

7 ஆண்டு வரையிலான குற்றங்களுக்கு, கைது செய்யாமல் பி.என்.எஸ்.எஸ். 35(3) நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்கு அழைப்பதே முறை. நோட்டீஸ் வந்தால் போங்கள். போகாமல் இருப்பதுதான் கைதுக்குக் காரணமாகும். அதற்கு முன்பே முன்ஜாமீன் மனு (பி.என்.எஸ்.எஸ். 482) போட்டுவைப்பது நல்லது. வெள்ளிக்கிழமை மாலை கைது என்பது புதிய உத்தி அல்ல.

வேறு மாநிலத்தில் வழக்கு. அங்கே போகவே பயமாக இருக்கிறது.

நீங்கள் வசிக்கும் ஊரின் நீதிமன்றமே குறுகிய கால முன்ஜாமீன் தரலாம். 2023 நவம்பரில் பிரியா இந்தோரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மகாராஷ்டிர வழக்கில் நகைச்சுவை மேடைக் கலைஞர் குணால் காம்ராவுக்கு 2025 மார்ச் 28 அன்று இடைக்கால முன்ஜாமீன் தந்தது சென்னை உயர் நீதிமன்றம். அவர் விழுப்புரம் மாவட்டத்தில் வசிக்கிறார் என்பதே அடிப்படை. ஆகவே வாடகை ஒப்பந்தம், ஆதார் முகவரி போன்றவை தயாராக இருக்கட்டும். ஒரே பேச்சுக்குப் பல ஊர்களில் எஃப்.ஐ.ஆர். என்றால் அவற்றை ஒன்றாக்கக் கோரி உச்ச நீதிமன்றம் போகலாம்.

மன்னிப்புக் கேட்டுவிட்டால் விஷயம் முடிந்துவிடுமா?

சந்தையில் சில நேரம் முடியும். சட்டத்தில் தானாக முடியாது. 2024 நவம்பரில் தெலுங்கு பேசும் மக்கள் பற்றிச் சொன்னதை நடிகை கஸ்தூரி திரும்பப் பெற்றார். அதற்குப் பின்னும் மதுரைக் கிளை முன்ஜாமீன் மறுத்தது, ஹைதராபாத்தில் கைதானார், சில நாள் சிறையில் இருந்த பிறகே ஜாமீன் கிடைத்தது.

சந்தைக்கான உதாரணம் சத்யராஜ். காவிரிப் பிரச்சினையில் 2008-இல் பேசியது ஒன்பது ஆண்டு கழித்து, ‘பாகுபலி 2’ வெளியாகும் நேரத்தில் கர்நாடகத்தில் எழுந்து நின்றது. படம் 2017 ஏப்ரல் 28 வெளியீடு; ஒரு வாரம் முன்பு அவர் காணொளியில் வருத்தம் தெரிவித்தார். அதைச் சொன்ன விதம் படிக்க வேண்டியது. வார்த்தைகள் புண்படுத்தியதற்கு வருத்தம், ஆனால் தமிழர் பிரச்சினைகளுக்குத் தொடர்ந்து குரல் கொடுப்பேன், என்னால் நஷ்டம் வரும் என்று நினைக்கும் தயாரிப்பாளர்கள் என்னை ஒப்பந்தம் செய்ய வேண்டாம் என்றார். படத்தில் உழைத்த மற்றவர்களுக்காக இறங்கிவந்தார், நிலைப்பாட்டை விற்கவில்லை. இதுதான் நாங்கள் பார்த்ததில் நன்றாக எழுதப்பட்ட வருத்தம்.

மோசமாக எழுதப்பட்டது எப்படி இருக்கும்? ‘என் பேச்சு யாரையாவது புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும்.’ ‘இருந்தால்’ என்ற சொல் கோபப்பட்டவரை மேலும் கோபப்படுத்தும். ‘மன்னிக்கவும்’ என்பதைத் தவறை ஒப்புக்கொண்டதாக வழக்கில் காட்டப் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் அடி. வழக்கு நிலுவையில் இருந்தால் ‘வருத்தம்’ என்பதோடு நிறுத்துங்கள். என்ன சொன்னேன், எதைக் குறித்துச் சொன்னேன், எந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன் என்று மூன்று வாக்கியம் போதும். வழக்கறிஞர் பார்க்காமல் வெளியிட வேண்டாம். பி.ஆர்.ஓ. மட்டும் பார்த்தால் போதாது.

ஒப்பந்தத்தில் எந்த வரியைப் பார்க்க வேண்டும்?

நடத்தை விதி. பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் இப்படி இருக்கும்: ‘நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கக்கூடிய எந்தச் செயலிலோ பேச்சிலோ கலைஞர் ஈடுபட்டதாக நிறுவனம் கருதினால், முன்னறிவிப்பின்றி ஒப்பந்தத்தை ரத்து செய்து, கொடுத்த தொகை முழுவதையும் திரும்பப் பெறலாம்.’

இந்த ஒரு வாக்கியத்தில் நான்கு பொறி. ‘விளைவிக்கக்கூடிய’ என்றால் களங்கம் நடக்கவே வேண்டியதில்லை. ‘கருதினால்’ என்றால் தீர்மானிப்பது அவர்கள் மட்டும். ‘முன்னறிவிப்பின்றி’ என்றால் விளக்கம் சொல்ல வாய்ப்பில்லை. ‘முழுவதையும்’ என்றால் 30 நாள் நடித்து முடித்த சம்பளமும் போகும்.

அட்வான்ஸ் வாங்குமுன் கேட்க வேண்டிய திருத்தம்: ‘நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தாலோ, படத்தையோ அதன் தயாரிப்பாளரையோ கலைஞர் நேரடியாக இழிவுபடுத்தினாலோ, 15 நாள் எழுத்து நோட்டீசுக்குப் பிறகு ரத்து செய்யலாம், முடிந்த வேலைக்கான ஊதியம் திரும்பப் பெறப்படாது. தேர்தல், பொதுக்கொள்கை, மொழி, நதிநீர் குறித்த கருத்துகள் இதில் அடங்கா.’ முழுவதையும் தரமாட்டார்கள். மூன்றாவது, நான்காவது பொறிகளுக்கான திருத்தத்தை (நோட்டீஸ், முடிந்த வேலைக்கான ஊதியம்) விடாதீர்கள், மற்றவற்றில் விட்டுக்கொடுக்கலாம். புதுமுகத்துக்கு இந்தப் பேரமே எளிதல்ல என்பது தெரிந்ததுதான். அப்படியானால் ‘முடிந்த வேலைக்கான ஊதியம்’ என்ற ஒன்றையாவது கேளுங்கள்.

பழைய பேச்சையும் மறக்க வேண்டாம். ‘இந்த ஒப்பந்தத் தேதிக்கு முன் பொதுவெளியில் இருந்த கருத்துகள் ரத்துக்குக் காரணமாகா’ என்று ஒரு வரி. சத்யராஜ் கதைக்குப் பிறகும் இதைக் கேட்காதவர்கள்தான் அதிகம்.

பாதிப் படத்தில் நீக்கிவிட்டார்கள். நீதிமன்றம் போய் மீண்டும் சேரலாமா?

முடியாது. ஒருவருடைய தனித்திறமையைச் சார்ந்த ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்றச் சொல்லி உத்தரவிட முடியாது என்கிறது குறித்தவகைத் துயர்தணிப்புச் சட்டத்தின் (Specific Relief Act) 14-ஆவது பிரிவு. கிடைப்பது இழப்பீடு மட்டும். அவர்கள் உங்களிடம் கேட்கும் அபராதத்துக்கும் வரம்பு உண்டு. ஒப்பந்தச் சட்டம் 74-இன்படி, தாளில் எழுதிய தொகை உச்சவரம்பு. அதற்குள் நியாயமானதுதான் கிடைக்கும். ‘ஐந்து கோடி கட்டு’ என்று நோட்டீஸ் வந்ததும் தூக்கம் கெட வேண்டாம். மீதிச் சம்பளத்தை டப்பிங்குக்கு முன் வாங்கும் பழக்கத்தின் அருமை இந்த நேரத்தில்தான் புரியும்.

விளம்பர ஒப்பந்தம் இன்னும் கடினமா?

ஆம். விளம்பர நிறுவனம் வாங்குவதே உங்கள் பெயரைத்தான். 2015 நவம்பரில் ஆமிர் கான் சகிப்பின்மை பற்றிப் பேசியபின், அவர் விளம்பரம் செய்த இணைய வணிக நிறுவனமான ஸ்னாப்டீலின் செயலிக்கு மக்கள் கூட்டமாக ஒரு நட்சத்திரம் போட்டார்கள்; 2016-இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ‘ரத்து’ என்ற சொல்லே வரவில்லை பாருங்கள். புதுப்பிக்காமல் விடுவதை எதிர்த்து எங்கேயும் வழக்குப் போட முடியாது.

இடையில் ரத்தானால் கழிந்த மாதங்களுக்கான பணம் உங்களுடையது என்று எழுதிக்கொள்ளுங்கள். 12 மாதத்துக்கு 60 லட்சம், 8 மாதம் ஓடிவிட்டது என்றால் திரும்பத் தருவது அதிகபட்சம் 20 லட்சம். எழுதவில்லை என்றால் 60 லட்சத்தையும் கேட்பார்கள்.

நான் பேசியதற்காகப் படத்தையே ஓடவிடமாட்டோம் என்கிறார்கள். அரசுக்குக் கடமை இல்லையா?

இருக்கிறது, சட்டம் இந்த இடத்தில் கலைஞர் பக்கம்தான். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படம் தொடர்பான ரங்கராஜன் வழக்கில் (1989), கலவரம் வரும் என்ற மிரட்டலைக் காட்டி அரசு கையை விரிக்க முடியாது, பேச்சுரிமையைக் காப்பது அதன் கடமை என்றது உச்ச நீதிமன்றம். 2019-இல் ஒரு வங்காளப் படம், எழுத்தில் எந்தத் தடையும் இல்லாமல் திரையரங்குகளிலிருந்து மறைந்தபோது, மேற்கு வங்க அரசு 20 லட்சம் இழப்பீடு தர வேண்டும் என்று உத்தரவானது.

ஆனால் நாட்காட்டியைப் பாருங்கள். கன்னட மொழி பற்றிய கமல்ஹாசன் பேச்சு 2025 மே மாதக் கடைசியில். கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை ‘தக் லைஃப்’ படத்தை அங்கே விடமாட்டோம் என்றது. கர்நாடக உயர் நீதிமன்றம் மன்னிப்புக் கேட்கலாமே என்றது. ஜூன் 5 படம் மற்ற இடங்களில் வெளியானது. கூட்டத்தின் மிரட்டல் சட்டத்தின் ஆட்சியை மிஞ்சக் கூடாது, மன்னிப்புக் கேட்கச் சொல்வது நீதிமன்ற வேலையல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது ஜூன் 17. பாதுகாப்புத் தருகிறோம் என்ற மாநில அரசின் உறுதியைப் பதிந்து வழக்கை முடித்தது ஜூன் 19. படத்தின் உயிர் முதல் வார வசூல். பதினான்காம் நாள் கிடைத்த நீதியை வைத்து எந்த விநியோகஸ்தர் தன் ஏரியாவுக்கான வெளியீட்டு உரிமையை வாங்குவார்?

எனவே மிரட்டல் வந்த அன்றே மனு போட வேண்டும், வெளியீட்டுத் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. மிரட்டியவரின் காணொளி, சபையின் கடிதம், திரையரங்கு முன்பதிவு நிறுத்தப்பட்ட பக்கத்தின் படம், போலீசுக்குக் கொடுத்த பாதுகாப்பு மனுவின் ரசீது ஆகிய நான்கும் மனுவோடு போக வேண்டும். ரசீது இல்லாமல் போனால், ‘எங்களிடம் யாரும் கேட்கவே இல்லை’ என்று அரசு வழக்கறிஞர் சொல்லி முடித்துவிடுவார்.

சங்கம் ‘ரெட் கார்டு’ (யாரும் இவரோடு வேலை செய்யக் கூடாது என்ற தடை) போட முடியுமா?

சங்க விதிப்படி தன் உறுப்பினரை விசாரிக்கலாம். மற்ற எல்லோரும் உங்களோடு வேலை செய்யக் கூடாது என்று உத்தரவிடுவது வேறு. மேற்கு வங்கக் கலைஞர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் கூட்டமைப்பு வழக்கில் (2017), டப்பிங் தொடரை நிறுத்த நெருக்கடி கொடுத்த அமைப்பு தொழிற்சங்கம் என்ற பெயரால், சந்தையில் போட்டியை முடக்குவதைத் தடுக்கும் போட்டிச் சட்டத்திலிருந்து தப்ப முடியாது என்றது உச்ச நீதிமன்றம். எழுத்தில் வந்த ரெட் கார்டை எதிர்க்கலாம். தொலைபேசியில் ‘அவரை வேண்டாம்ப்பா’ என்று சொல்லப்படுவதை நிரூபிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

நான் எழுதவில்லை, வந்ததைப் பகிர்ந்தேன். அதற்கும் பொறுப்பா?

பொறுப்புதான். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய முகநூல் பதிவைப் படிக்காமலே பகிர்ந்துவிட்டதாக எஸ்.வி. சேகர் சொன்ன வாதத்தை 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. பதிவை நீக்கி மன்னிப்புக் கேட்டிருந்தும் இதுதான் நடந்தது.

ரசிகர்கள் என் படத்தைப் புறக்கணிக்கச் சொல்வது சட்டவிரோதம் இல்லையா?

இல்லை. ‘இவர் படத்தைப் பார்க்காதீர்கள்’ என்பதும் பேச்சுரிமைதான், உங்களுக்கு எவ்வளவு கசந்தாலும். ‘பார்த்தால் திரையைக் கிழிப்போம்’ என்பது மிரட்டல், பிரிவு 351.

மேடை நகைச்சுவைக்குத் தனிச் சிக்கல் உண்டா?

அரங்குதான் சிக்கல். முனாவர் ஃபாரூக்கி 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் கைதாகி, உச்ச நீதிமன்றத்தில் இடைக்கால ஜாமீன் பெற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது; அதே ஆண்டு நவம்பரில் பெங்களூரு நிகழ்ச்சி போலீஸ் கடிதத்தால் ரத்து. 2025 மார்ச்சில் குணால் காம்ரா நிகழ்ச்சி பதிவான மும்பை அரங்கு அடித்து நொறுக்கப்பட்டது. அடி வாங்குவது அரங்கின் உரிமையாளர். அடுத்த கலைஞருக்கு அவர் இடம் தராததில் வியப்பில்லை. ஒப்பந்தத்தில், போலீஸ் ரத்து செய்யச் சொன்னால் அதை எழுத்தில் வாங்கித் தர வேண்டும் என்று சேருங்கள். அந்தத் தாள் இருந்தால் ‘அரசு தடுத்தது’ என்று உயர் நீதிமன்றம் போகலாம்; இல்லாவிட்டால் அது இரு தனியாருக்கிடையே ரத்தான வாடகை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இதெல்லாம் கிடையாதாமே?

அங்கேயும் பேச்சுரிமை தரும் அவர்களுடைய அரசியலமைப்பின் முதல் திருத்தம் அரசை மட்டும்தான் கட்டும். நகைச்சுவைத் தொகுப்பாளர் ஜிம்மி கிம்மலின் நிகழ்ச்சியை 2025 செப்டம்பர் 17 அன்று ஏபிசி தொலைக்காட்சி நிறுத்தி, 23 அன்று மீண்டும் தொடங்கியபோது சர்ச்சை ஆனதே, ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையத் தலைவர் அதற்கு முன் எச்சரித்திருந்தார் என்பதால்தான். அது இல்லாவிட்டால் வெறும் முதலாளி முடிவு. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் தொழிலாளியின் அரசியல் செயல்பாட்டைக் காக்கும் சட்டம் உண்டு. அப்படியொன்று இங்கே இல்லை.

ஜாமீன் தரும்போது ‘இனிமேல் அரசியல் பேசக் கூடாது’ என்று நிபந்தனை போட்டால்?

எதிர்க்கலாம். 2022 ஜூலையில் பத்திரிகையாளர் முகமது ஜுபைருக்கு ஜாமீன் தந்தபோது, ட்வீட் போடத் தடை கேட்ட உத்தரப் பிரதேச அரசின் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் மறுத்தது. அது வாய்ப்பூட்டு ஆகிவிடும் என்றது. வழக்கின் சாட்சிகளைப் பற்றியோ அதே விஷயத்தைப் பற்றியோ பேச வேண்டாம் என்ற குறுகிய நிபந்தனையைப் பொதுவாக ஏற்றுக்கொள்வது நல்லது. பொதுத் தடை என்றால், வெளியே வந்த சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிடாமல், அதே வாரத்தில் மாற்றக் கோரி மனு போடுங்கள். மீறிப் பேசிவிட்டுப் பிறகு மனு போட்டால் ஜாமீனே ரத்தாகும்.